ஊகித்துப் படிக்காத ஸ்கிரிப்ட்: ஜாப் லாகிலிருந்து மெமரி, டிஸ்க், சிபியு அளவுகளை எடுத்தல்

ஒரு கிளஸ்டரில் ஜாப் ஓடி முடிந்ததும், அது எத்தனை சிபியு கேட்டது, எவ்வளவு மெமரி எடுத்தது, எவ்வளவு டிஸ்க் பிடித்தது என்ற கணக்கு லாக் கோப்பில் விழுகிறது. அந்தக் கணக்கை வைத்துத்தான் ஆராய்ச்சி மாணவர் அடுத்த முறை எவ்வளவு மெமரி கேட்கலாம் என்று முடிவு செய்கிறார். எந்தக் குழு வளங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது என்று நிர்வாகி பார்ப்பதும் அதில்தான். அடுத்த ஆண்டுக்கு எத்தனை கணினி வாங்க வேண்டும் என்ற கோரிக்கைக் கடிதத்தில் ஏறும் எண்ணும் அங்கிருந்தே வருகிறது. லாகுக்கும் இந்த முடிவுகளுக்கும் நடுவில் நிற்பது பெரும்பாலும் யாரோ அவசரத்துக்கு எழுதிய சின்ன ஸ்கிரிப்ட். கோப்பைத் திறந்து, வரியைப் பிரித்து, எண்ணை எடுத்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. அது எப்படியெல்லாம் தவறாகப் படிக்கும், தவறாகப் படிக்காதபடி எப்படி எழுதுவது என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது. என் வாதம் ஒன்றுதான்: புரியாத ஒன்றைக் கண்டதும் நின்றுவிடும் ஸ்கிரிப்ட், எதையும் எப்படியாவது படித்து ஓர் எண்ணைக் கொடுத்துவிடும் ஸ்கிரிப்டைவிட மேலானது. அப்படி நிற்பதால் வரும் தொந்தரவை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

எச்டிகாண்டரை எடுத்துக்கொள்வோம். விஸ்கான்சின் மாடிசன் பல்கலைக்கழகத்தில் 1980களின் பிற்பகுதியில் காண்டர் என்ற பெயரில் தொடங்கி, 2012இல் இன்றைய பெயரைப் பெற்ற மென்பொருள் இது. ஆயிரக்கணக்கான கணினிகளுக்கு ஜாப்களைப் பிரித்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு ஜாப்புக்கும் அது எழுதும் நிகழ்வு லாகில் நிகழ்வுகளுக்கு எண் உண்டு. 000 என்றால் ஜாப் சமர்ப்பிக்கப்பட்டது, 001 என்றால் ஓடத் தொடங்கியது, 005 என்றால் முடிந்தது. இந்த 005 நிகழ்வின் அடியில் ஒரு சின்ன அட்டவணை வரும். இடப்பக்கம் சிபியு, டிஸ்க், மெமரி என்று வளத்தின் பெயர், பிறகு ஒரு முக்காற்புள்ளி, அதற்கு வலப்பக்கம் ‘யூசேஜ்’, ‘ரிக்வெஸ்ட்’, ‘அலொகேட்டட்’ என்று மூன்று நெடுவரிசைகள்: பயன்பட்டது, கேட்டது, ஒதுக்கப்பட்டது. பார்த்ததும் புரிந்துவிடும் அட்டவணை. ஆனால் அது மனிதக் கண்ணுக்காகப் போடப்பட்டது. எண்களுக்கு நடுவே கோடு இல்லை, காற்புள்ளி இல்லை, வெறும் இடைவெளிதான். பயன்பாடு அளக்கப்படவில்லை என்றால் அந்த இடம் வெறுமையாக விடப்படும். சிபியு வரியில் பல லாகுகளில் இதைப் பார்க்கலாம். மிகக் குறைந்த நேரமே ஓடிய ஜாப்பாக இருந்தால் மெமரி வரியிலும் இப்படி நேரலாம்.

இப்போது ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்று பாருங்கள். பைத்தானில் ஒரு வரியை ஸ்பிளிட் செய்தால், இடைவெளி ஒன்றோ இருபதோ, எல்லாம் ஒரே பிரிப்பாகக் கொள்ளப்படும். ஆக் கட்டளையின் வழக்கமும் அதுவே. முக்காற்புள்ளிக்கு வலப்பக்கம் மூன்று எண் இருந்தால் முதலாவது பயன்பாடு, இரண்டாவது கோரிக்கை, மூன்றாவது ஒதுக்கீடு என்று சரியாக வரும். பயன்பாடு வெறுமையாக இருந்தால் இரண்டு எண்தான் கிடைக்கும். கேட்ட அளவு பயன்பட்ட அளவாகவும், ஒதுக்கிய அளவு கேட்ட அளவாகவும் இடம் மாறிவிடும். தேர்வு எழுதாத பாடத்தின் கட்டத்தை அழித்துவிட்டு, மற்றப் பாடங்களின் மதிப்பெண்களை இடப்பக்கம் நகர்த்திய மதிப்பெண் பட்டியல் போல: ஒவ்வொரு எண்ணும் உண்மை, அது நிற்கும் இடம் பொய். மூன்றாவது எண் இல்லையே என்று ஸ்கிரிப்ட் அங்கேயே விழுந்தால் நல்லது. பலர் அதை விழவிடுவதில்லை. மூன்றாவது இல்லாவிட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ள ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். அல்லது அவர்களுக்கு ஒதுக்கீடே தேவையில்லை, முதல் இரண்டு போதும் என்பதால் குறை வெளியே தெரிவதே இல்லை.

தவறின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் இது எவ்வளவு ஆபத்தானது என்று தெரியும். எச்டிகாண்டரின் இயல்பான அமைப்பில், கேட்ட மெமரி 128 மெகாபைட்டின் அடுத்த மடங்குக்கு உயர்த்தி ஒதுக்கப்படும். 1000 மெகாபைட் கேட்டால் 1024 கிடைக்கும். பயன்பாடு பதிவாகாத ஒரு ஜாப்பின் வரியை மேலே சொன்ன ஸ்கிரிப்ட் படித்தால், பயன்பட்டது 1000, கேட்டது 1024, திறன் 97.7 சதவீதம் என்று சொல்லும். அந்த ஜாப் உண்மையில் 20 மெகாபைட்கூடத் தொடாமல் இருந்திருக்கலாம். 97.7 என்பது யாரும் கேள்வி கேட்கும் எண்ணாக இல்லை என்பதைக் கவனியுங்கள். 400 சதவீதம் என்றோ, மைனஸ் என்றோ வந்திருந்தால் யாராவது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். இது பாராட்டத் தோன்றும் எண். மிகக் கவனமாக மெமரி கேட்கும் குழு இது என்று மாத அறிக்கையில் எழுதிவிடுவார்கள். 1024 மெகாபைட்டே கேட்டிருந்தால் இன்னும் மோசம்: பயன்பட்டது 1024, கேட்டது 1024, நூற்றுக்கு நூறு.

இரண்டாவது வகைப் பிழை அலகில் இருக்கிறது. அதே அட்டவணையில் டிஸ்க் கிலோபைட்டிலும் மெமரி மெகாபைட்டிலும் இருக்கும். அலகு எண்ணோடு ஒட்டி வராது. இடப்பக்கப் பெயரோடு அடைப்புக்குறிக்குள் நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது அளவு மாறியதைச் சொல்லும் 006 நிகழ்வு இன்னும் சிக்கலானது. அதில் அடுத்தடுத்த வரிகளில் ஜாப்பின் மெமரிப் பயன்பாடு மெகாபைட்டிலும், அது உண்மையில் பிடித்திருக்கும் ரெசிடென்ட் மெமரி கிலோபைட்டிலும் வரும். ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கும் இரண்டு எண்கள், 1024 மடங்கு வேறுபட்ட அலகுகளில். சமர்ப்பிக்கும் கோப்பிலும் இதே நிலைதான். மெமரிக்கு வெறும் எண் போட்டால் மெகாபைட், டிஸ்குக்கு வெறும் எண் போட்டால் கிலோபைட். 10 கிகாபைட் நினைத்து டிஸ்குக்கு 10 என்று எழுதியவர் கேட்டது 10 கிலோபைட். இதில் எச்டிகாண்டரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒவ்வொரு அலகும் அதனதன் காலத்தில் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான சமர்ப்பிப்புக் கோப்புகளை உடைக்காமல் பிறகு மாற்றவும் முடியாது. படிக்கும் பக்கம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

மற்ற அமைப்புகளுக்குப் போனாலும் இதே பிழை வேறு உடுப்பில் எதிர்ப்படும். ஜாப்களைப் பிரித்துக் கொடுக்கும் இன்னொரு மென்பொருளான ஸ்லர்மின் கணக்குப் பதிவில் உச்ச மெமரி, எண்ணுக்குப் பின்னால் கே, எம், ஜி என்ற எழுத்தோடு வரும். எழுத்தைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் 2 கிகாபைட் எடுத்த ஜாப், 900 மெகாபைட் எடுத்த ஜாப்பைவிடச் சிறியதாகிவிடும். ஸ்லர்மின் பழைய பதிப்புகளில் கேட்ட மெமரிக்குப் பின்னால் இன்னும் ஓர் எழுத்து உண்டு: ‘என்’ என்றால் ஒரு கணினிக்கு, ‘சி’ என்றால் ஒரு சிபியுவுக்கு. 16 சிபியு கேட்ட ஜாப்பில் 4 என்ற எண்ணுக்குப் பின்னால் ஜியும் சியும் சேர்ந்து நின்றால் மொத்தம் 64 கிகாபைட். அந்த ஓர் எழுத்தைப் பார்க்காமல் விட்டால் 16 மடங்கு பிழை. ஸ்லர்மில் உச்ச மெமரி ஜாப்பின் தலை வரியில் இருக்காது. அதன் கீழே வரும் படிகளின் வரிகளில்தான் இருக்கும். தலை வரியின் வெற்றிடத்தைப் பூஜ்யமாக எடுத்துச் சராசரி போட்டால் ஜாப்கள் உண்மையைவிடக் குறைந்த மெமரியில் ஓடியதாகத் தோன்றும். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் கூபர்னெட்டிஸில் சிபியுவுக்கு ‘500 சிறிய எம்’ என்றால் அரை சிபியு. சிறிய எம் அங்கே ஆயிரத்தில் ஒன்று. அதே சிறிய எம்மை மெமரிக்குப் போட்டால், 400 மெகாபைட் என்று நினைத்தவர் கேட்டது 0.4 பைட்.

நேரத்துக்கும் இதே கதை. ஸ்லர்ம் மொத்த சிபியு நேரத்தைச் சில ஜாப்களுக்கு நாள், மணி, நிமிடம், வினாடி என்று கொடுக்கும். சின்ன ஜாப்களுக்கு நிமிடமும் வினாடியும் மட்டும், வினாடிக்குப் பின்னமும் சேர்த்து. முதலில் வருவது எப்போதும் மணி என்று நம்பிய ஸ்கிரிப்ட் ஐந்து நிமிடத்தை ஐந்து மணி என்று படிக்கும். அறுபது மடங்கு.

இந்தத் தவறுகளுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு: எதுவும் ஸ்கிரிப்டை நிறுத்துவதில்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண் வந்துவிடுகிறது, வேலை முடிந்துவிடுகிறது. இப்படி ஒரு பிழை எவ்வளவு காலம் ஒளிந்திருக்கும் என்பதற்கு ஜிஎன்யூ டைம் கருவியின் வரலாறு நல்ல சான்று. ஒரு நிரல் எடுத்த உச்ச மெமரியைச் சொல்லும் எளிய கருவி அது. அதன் 1.7 பதிப்பு, கெர்னல் தரும் எண் மெமரிப் பக்கங்களின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டு, பக்கத்தின் அளவால் பெருக்கிக் காட்டியது. லினக்ஸோ அந்த எண்ணைக் கிலோபைட்டாகவே தருகிறது. ஒரு பக்கம் 4 கிலோபைட் என்பதால் காட்டியதெல்லாம் நான்கு மடங்கு. இது நெடுங்காலம் வெளியே தெரியாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது: 2009 டிசம்பரில் வந்த 2.6.32 கெர்னல் வரைக்கும் லினக்ஸ் அந்த இடத்தை நிரப்பவே இல்லை. பூஜ்யத்தை நான்கால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே! கெர்னல் உண்மையான எண்ணைத் தரத் தொடங்கிய பிறகுதான் தவறான எண் வெளியே வந்தது. பிந்தைய பதிப்புகளில் இது திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் அந்தக் கருவியின் வெளியீட்டை அப்படியே எடுத்துப் போட்ட அட்டவணைகளில் நான்கு மடங்கு எண்கள் தங்கிவிட்டன. படிக்கும் ஸ்கிரிப்டில் ஓர் எழுத்தும் மாறாமல், கீழே இருக்கும் ஒன்று மாறியதாலேயே பிழை விழித்துக்கொள்ளலாம் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். போன ஆண்டு சரிபார்த்துவிட்டோம் என்பது இந்த ஆண்டுக்குப் போதாது. அதே கெர்னல் அழைப்பு மேக் கணினியில் பைட்டில் பதில் சொல்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேக்கில் எழுதிச் சோதித்த பைத்தான் ஸ்கிரிப்டை லினக்ஸ் கிளஸ்டரில் ஓட்டினால் 1024 மடங்கு வேறுபாடு.

சத்தம் போடும் பிழைக்கும் சத்தம் போடாத பிழைக்கும் உள்ள வித்தியாசத்தை இன்னும் கூர்மையாகக் காட்டுவது நாசாவின் செவ்வாய் வானிலைச் சுற்றுக்கலம். அது கிளஸ்டர் லாக் அல்ல. ஆனால் ஒரு நிரல் எழுதிய கோப்பை இன்னொரு குழு படித்த கதைதான். கலத்தின் சிறு உந்துகருவிகள் இயங்கும்போதெல்லாம் தரையிலிருந்த மென்பொருள் அந்த உந்துதலின் அளவைக் கோப்பில் எழுதியது. ஒப்பந்தப்படி நியூட்டன் வினாடியில் இருக்க வேண்டியது, பவுண்டு விசை வினாடியில் இருந்தது, வேறுபாடு 4.45 மடங்கு. விசாரணை அறிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு விவரம் இருக்கிறது. பயணத்தின் முதல் நான்கு மாதங்கள் அந்தக் கோப்புகளைப் பயன்படுத்தவே முடியவில்லை, ஏனென்றால் அவற்றின் வடிவத்தில் பிழைகள் இருந்தன. அவை கண்ணில் பட்டன. 1999 ஏப்ரலுக்குள் சரிசெய்யப்பட்டன. வடிவம் சரியானதும் கோப்புகள் உள்ளே எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒரு வாரத்துக்குள்ளேயே எண்கள் பொருந்தவில்லை என்ற அறிகுறி தெரிந்தும், கோப்பு ஏற்கப்பட்டுக்கொண்டே இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று, செவ்வாயின் தரையிலிருந்து 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டிய கலம் ஏறக்குறைய 57 கிலோமீட்டருக்கு இறங்கி அழிந்தது. படிக்க முடியாத கோப்பு நான்கு மாத எரிச்சலைக் கொடுத்தது. படிக்க முடிந்த கோப்புதான் கலத்தைக் கொன்றது.

இனி எழுதும் முறை. முதல் வேலை, இடைவெளியால் பிரிப்பதைக் கைவிடுவது. எச்டிகாண்டர் அட்டவணையைத்தான் படிக்க வேண்டும் என்றால், தலைப்பு வரியை முதலில் படியுங்கள். யூசேஜ், ரிக்வெஸ்ட், அலொகேட்டட் என்ற சொற்கள் ஒவ்வொன்றும் எந்த எழுத்திடத்தில் முடிகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் வலப்பக்கம் ஒட்டி எழுதப்படுவதால், ஓர் எண் முடியும் இடத்துக்கு மிக அருகில் முடியும் தலைப்பே அதன் தலைப்பு. தலைப்பு வரி இல்லாமல் அட்டவணை வந்தால் படிக்காதீர்கள். தெரியாத நான்காவது தலைப்பு வந்தாலும் நில்லுங்கள். ஜிபியு இருக்கும் ஜாப்களில் எந்த ஜிபியு கொடுக்கப்பட்டது என்று சொல்லும் ஒரு நெடுவரிசை கூடுதலாக வருவதுண்டு, அதை எண் என்று நினைத்த ஸ்கிரிப்டுகள் உண்டு. வெறுமையான இடத்துக்கு ‘இல்லை’ என்ற தனி மதிப்பைக் கொடுங்கள். பைத்தானில் அது நன். அது ஒருபோதும் பூஜ்யமாகக் கூடாது. பூஜ்யம் என்பது அளந்து பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்வது. வெற்றிடம் அளக்கவே இல்லை என்று சொல்வது. இரண்டையும் கலந்த பிறகு எந்தப் புள்ளியியலாலும் அவற்றைப் பிரிக்க முடியாது.

அலகுக்கு நான் பரிந்துரைப்பது கொஞ்சம் கடுமையானது. வளத்தின் பெயரோடு வரும் அலகைப் படிக்காமல் எண்ணைத் தொடக் கூடாது. மெமரி என்றால் மெகாபைட்தானே என்று ஸ்கிரிப்டுக்குள் எழுதிவைக்கக் கூடாது. அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் படித்து, தெரிந்த அலகுகளின் பட்டியலில் தேடி, கிடைக்காவிட்டால் நிற்க வேண்டும். 006 நிகழ்வு போல, வரியின் விளக்கச் சொற்களிலேயே அலகு இருந்தால் அந்தச் சொற்களையும் பொருத்திப் பார்த்த பிறகே எண்ணை எடுக்க வேண்டும். எடுத்த உடனேயே, ஒரே இடத்தில், எல்லாவற்றையும் பைட்டுக்கு மாற்றிவிடுங்கள். மாறியின் பெயரிலேயே பைட் என்று வரட்டும். மெகாபைட்டில் ஒரு மாறி, கிலோபைட்டில் ஒரு மாறி என்று நிரல் முழுக்க ஓடவிட்டால், ஆறு மாதம் கழித்துத் திருத்த வருபவர் இரண்டையும் கூட்டிவிடுவார். ஆயிரமா 1024-ஆ என்பதையும் அந்த ஓரிடத்திலேயே தீர்மானியுங்கள். கிலோவை ஆயிரத்துக்கும் கிபியை 1024-க்கும் வைத்துக்கொள்ளச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998இலேயே தனிப் பெயர்கள் கொடுத்துவிட்டது. ஆனாலும் எச்டிகாண்டரும் ஸ்லர்மும் கிலோ, மெகா என்று சொல்லும்போது 1024-ஐத்தான் எண்ணுகின்றன. கிகாவில் இந்த வேறுபாடு 7 சதவீதத்துக்கு மேல், டெராவில் ஏறக்குறைய 10 சதவீதம்.

இவ்வளவு செய்த பிறகும் எண்ணை நம்பிவிடாதீர்கள். இயற்கையாக மீற முடியாத சில எல்லைகள் உண்டு. ஒவ்வொரு வரியையும் அவற்றோடு உரசிப் பாருங்கள். ஒரு ஜாப் செலவிட்ட சிபியு நேரம், அது ஓடிய நேரத்தைச் சிபியு எண்ணிக்கையால் பெருக்கியதைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருக்க முடியாது. நிமிடத்தை மணியாகப் படித்த பிழை இங்கே சிக்கும். மெமரி, அந்தக் கணினியில் பொருத்தியிருக்கும் மெமரியைத் தாண்ட முடியாது; 1024 மடங்குப் பிழைகளில் மேலே போனவற்றில் பல இங்கே விழும். ஒரு மணி நேரம் ஓடிய நிரல் பூஜ்யம் மெமரி எடுத்திருக்க முடியாது. கீழே போனவற்றில் சில இங்கே விழும். ஒதுக்கீடு கோரிக்கையைவிடக் குறைவாக இருந்தால் நெடுவரிசை நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் எனக்கு மிகப் பயனுள்ளதாகத் தோன்றுவது வேறொன்று: அளந்த பயன்பாடு, கேட்ட அளவோடு கடைசி இலக்கம் வரை ஒத்துப்போனால் சந்தேகப்படுங்கள். ஓடும் நிரல் எடுக்கும் மெமரி, மனிதர் தேர்ந்தெடுக்கும் 1000, 2048, 4096 போன்ற எண்ணில் நிற்பது மிக அரிது. பயன்பாட்டு நெடுவரிசையில் இப்படிப்பட்ட எண்கள் கூட்டமாக வந்தால், அது அளவல்ல, யாரோ தட்டச்சு செய்த கோரிக்கை இடம் மாறி வந்திருக்கிறது. சிபியு வரிக்கு இந்தச் சோதனை பொருந்தாது; அங்கே முழு எண் இயல்பு. பயன்பாடு ஒதுக்கீட்டைத் தாண்டுவதையும் பிழை என்று தள்ளிவிடக் கூடாது, வரம்பைக் கட்டாயமாக்காத கிளஸ்டர்களில் அது உண்மையாகவே நடக்கும்.

இந்த முறைக்கு எதிராகச் சொல்லப்படுபவை நியாயமானவை; ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியது கடமை. ஒன்று, இரவில் ஓடும் அறிக்கை ஒரு கெட்ட வரிக்காக நின்றுவிட்டால் காலையில் யாருக்கும் எதுவும் கிடைக்காது என்பது. உண்மைதான். அதனால் நிற்பதை இரண்டு அளவில் வையுங்கள். ஒரு வரி புரியாவிட்டால் அந்த வரியை மட்டும் அப்படியே தனிக் கோப்பில் ஒதுக்கி வைத்துவிட்டு மேலே போகலாம். ஆனால் ஒதுக்கியவை எத்தனை என்பது அறிக்கையின் முதல் வரியில், சராசரிக்கு மேலே, அச்சாக வேண்டும். தலைப்பு வரியே மாறியிருந்தால், அல்லது ஒதுக்கியவை வழக்கத்தைவிடத் திடீரென்று கூடினால், முழு அறிக்கையும் நிற்க வேண்டும். ஒரு நாள் அறிக்கை வராவிட்டால் ஒரு தொலைபேசி அழைப்பு வரும். தவறான அறிக்கை வந்தால் அழைப்பே வராது. நிர்வாகியின் வசதியைப் பார்த்தால் இரண்டாவது இனிமையானது என்று எனக்குத் தெரியும். ஆனால் அறிக்கையை நம்பி மெமரியைக் குறைத்துக் கேட்டு, மூன்று நாள் ஓடிய ஜாப்பைக் கடைசி மணியில் இழக்கும் மாணவரின் பக்கத்திலிருந்தும் அதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வாதம், எழுத்து அட்டவணையைப் படிப்பதே தவறு, ஒவ்வொரு மதிப்பும் பெயரோடு வரும் ஜேசன் வடிவ வெளியீட்டை எடுத்தால் இந்தச் சிக்கலே இல்லை என்பது. இதில் பாதியை முழு மனதோடு ஏற்கிறேன். எச்டிகாண்டரின் ஹிஸ்டரி கட்டளை ஜேசனாகக் கொடுக்கும். நிகழ்வு லாகைப் படிக்கவே அதன் பைத்தான் நூலகத்தில் வசதி இருக்கிறது. ஸ்லர்மிலும் செங்குத்துக் கோட்டால் பிரித்த வெளியீடு, அலகை மாற்றாமல் கொடுக்கும் தேர்வு, ஜேசன் எல்லாம் உண்டு. புதிதாக எழுதுபவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நெடுவரிசை நகரும் பிழை அத்தோடு ஒழியும். அலகுப் பிழை ஒழியாது. எச்டிகாண்டரின் ஜேசனில் மெமரிப் பயன்பாடு ஒரு புலம், ரெசிடென்ட் மெமரி இன்னொரு புலம். முன்னது மெகாபைட், பின்னது கிலோபைட் என்பது ஜேசனுக்குள் எங்கும் எழுதப்படவில்லை, கையேட்டில்தான் இருக்கிறது. அட்டவணையிலாவது அடைப்புக்குறிக்குள் அலகு இருந்தது! ஸ்லர்மின் அண்மைப் பதிப்புகளின் ஜேசனில் பல எண்கள் தனியாக வருவதில்லை. மதிப்பு வைக்கப்பட்டிருக்கிறதா, எல்லையற்றதா, எண் என்ன என்று மூன்றும் சேர்ந்து வருகின்றன. வெற்றிடத்தையும் பூஜ்யத்தையும் கலக்கக் கூடாது என்பதை அதை எழுதியவர்களே உணர்ந்து வடிவத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அதிலும் எண்ணை மட்டும் உருவி எடுத்து, மதிப்பு வைக்கப்பட்டதா என்ற விவரத்தைப் பார்க்காமல் போகும் ஸ்கிரிப்ட் எழுதலாம்; எழுதினால் பழைய பிழை புதிய வடிவத்தில் திரும்பிவிடும்.

மூன்றாவதாக, எல்லோரும் தேவைக்கு இரு மடங்கு மெமரி கேட்டுவிட்டுப் போகிறார்கள், இதில் சில சதவீதம் முன்பின் ஆனால் என்ன என்று கேட்பார்கள். சில சதவீதம் என்று யார் சொன்னது? மேலே பார்த்தவை 4 மடங்கு, 16 மடங்கு, 60 மடங்கு, 1024 மடங்கு. ஆயிரமா 1024-ஆ என்ற வேறுபாடு மட்டும்தான் சதவீதத்தில் அடங்கும். அதைவிட முக்கியமானது, இந்தப் பிழைகள் இரு பக்கமும் சிதறி ஒன்றையொன்று சமன்செய்யும் வகையைச் சேர்ந்தவை அல்ல. நெடுவரிசை நகரும் பிழை எப்போதும் ஒரே திசையில் இழுக்கும்: வீணாக்கத்தை மறைத்து, திறனை உயர்த்திக் காட்டும். அது விழுவதும் குறிப்பிட்ட ஜாப்களின் மேல்தான், சீக்கிரம் முடிந்துவிடுபவற்றின் மேல். ஆயிரக்கணக்கில் சின்ன ஜாப்களை அனுப்பும் குழு மிகையாகக் கேட்கும் குழுவாகவும் இருக்கலாம். அந்தக் குழுவையே இந்தப் பிழை நல்ல பிள்ளை ஆக்கிவிடும். தரவு கூடக்கூடச் சராசரி உண்மையை நெருங்கும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

சரியாகப் படித்த எண்ணும் உண்மையைச் சொல்லாமல் போகலாம் என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன். ஸ்லர்ம் இயல்பான அமைப்பில் 30 வினாடிக்கு ஒருமுறைதான் மெமரியை எட்டிப் பார்க்கிறது. இடையில் ஐந்து வினாடி எகிறி இறங்கிய உச்சம் அதன் கண்ணில் படாமலே போகலாம். இதைப் படிக்கும் ஸ்கிரிப்டால் சரிசெய்ய முடியாது. அளவெடுக்கும் முறையைப் பற்றிய அத்தியாயத்துக்கு உரிய விஷயம் அது.

கடைசியாக, பிழை கண்டுபிடிக்கப்பட்ட பிறகு செய்ய வேண்டியது. ஸ்கிரிப்டைத் திருத்துவது அதில் சின்னப் பகுதி. பிழையான எண்கள் ஏற்கெனவே அறிக்கைகளாகவும் வரைபடங்களாகவும் வெளியே போய்விட்டன. எந்தப் பதிப்பு ஸ்கிரிப்ட் எந்தத் தேதியிலிருந்து ஓடியது என்பது தெரிந்தால்தான் எவை கெட்டவை என்று சொல்ல முடியும். ஆகவே ஒவ்வோர் அறிக்கையின் அடியிலும் ஸ்கிரிப்டின் பதிப்பு எண் அச்சாகட்டும். எடுத்த எண்ணோடு அது வந்த மூல வரியையும் சேர்த்துச் சேமியுங்கள். எழுத்து நன்றாகச் சுருங்கும், இடம் ஒரு பொருட்டே அல்ல. மூல வரி இல்லாமல் எண் மட்டும் இருந்தால் 97.7 என்பது உண்மைத் திறனா நகர்ந்த நெடுவரிசையா என்று எவராலும் சொல்ல முடியாது. லாக் சுழற்சியில் பழையவை அழிவதற்கு முன் இது நடக்க வேண்டும். எனவே சுழற்சிக் காலத்தை, அறிக்கைகள் முடிவெடுக்கப் பயன்படும் காலத்தைவிட நீளமாக வையுங்கள். ஆண்டுக் கொள்முதலுக்குப் பயன்படும் எண் என்றால் ஓராண்டுக்குக் குறையாமல். தவறாகப் படிக்கப்பட்ட அந்த வரியை அப்படியே எடுத்து, சரியான விடையோடு சோதனைக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். எச்டிகாண்டரோ ஸ்லர்மோ பதிப்பு உயரும் ஒவ்வொரு முறையும், புதிய பதிப்பு எழுதிய லாகிலிருந்து சில வரிகளும் அந்தக் கோப்பில் சேரட்டும்: பயன்பாடு வெறுமையான ஒன்று, ஜிபியு உள்ள ஒன்று, ஒரு நாளைத் தாண்டி ஓடிய ஒன்று, சில வினாடியில் முடிந்த ஒன்று. திருத்திய எண்களை வெளியிடும்போது பழைய எண்ணையும் பக்கத்தில் போட்டு, எந்தக் குழுக்களின் கணக்கு எவ்வளவு மாறுகிறது என்று அந்தக் குழுக்களுக்கே நேரடியாகக் கடிதம் எழுதுங்கள். பழைய எண்ணை வைத்து மெமரியைக் குறைத்துக்கொண்டவர்கள் அவர்கள்தான், ஓடிக்கொண்டிருக்கும் ஜாப்களைத் திருத்த அவர்களுக்கு அவகாசம் வேண்டும்.